மூணு இஞ்ச் கட்டம்

அந்த நாற்காலியில் உட்காராதீங்க, ஒரு கால் ஆடும். இப்படிக் கட்டிலுக்கு வாங்க. முதலில் தண்ணி குடிங்க. வெள்ளகோவிலில் இருந்து இந்த வெயிலில் பஸ் ஏறி வந்திருக்கீங்க. மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் என்றால் இந்த அலைச்சல் உண்டுதான். பொண்ணு வீட்டைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்காமல் யார் பூ வைப்பார்கள்? என் தம்பிக்குப் பொண்ணு பார்த்தபோது நானே தாராபுரத்தில் ஒரு மளிகைக்கடைக்காரனிடம் மூன்று தேங்காய் வாங்கிக்கொண்டு விசாரித்தேன். தேங்காய் மூன்றும் அழுகல். தகவல் மட்டும் சரியாக இருந்தது.

சுலோச்சனா, மோர் இருந்தா கொண்டா. இல்லைன்னா காபி போடு.

அது என் சம்சாரம். காது நன்றாகக் கேட்கும். பதில்தான் வராது. நாலு வருஷமாக அப்படித்தான். வயசானால் பொம்பளைகளுக்கு அப்படி ஆகிவிடும் என்கிறார்கள்.

என் பேரை யார் கொடுத்தது என்றீங்க? பூங்கோதையேவா? அவளே கொடுத்தாளா? இந்த வாசலை மிதித்து நாலு வருஷம் ஆகிறது, அவளுக்கு என் பேர் ஞாபகம் இருக்கிறதா! சரி, கொடுத்துத்தானே ஆக வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் சொந்தத்தில் ஒரு பெரிய மனுஷனைக் காட்டுங்கள் என்று கேட்டால், அவள் பக்கத்தில் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

பொண்ணைப் பற்றிக் கேட்டால் ஒரே சொல்லில் முடித்துவிடுவேன். தங்கம். நர்மதா இந்த வீட்டில் வளர்ந்தவள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. பூங்கோதை என் சம்சாரத்தின் கூடப்பிறந்த தங்கை. பகலெல்லாம் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பாள். அவள் வீட்டுக்காரர் குப்புராஜ் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டர். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளை நேராக இங்கேதான் வரும். நான் ஆபீஸில் இருந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் என் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். "பெரியப்பா, இன்னிக்கு எதை அளக்கலாம்?" கட்டிலை அளப்போம். ஜன்னலை அளப்போம். அடுப்படியில் குனிந்திருக்கிற சுலோச்சனாவின் முதுகை அளப்போம். நான் நீளம் அகலம் சொல்வேன், அது மனசிலேயே பெருக்கிச் சொல்லும். இன்றைக்கு ஒரு ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்து சம்பாதிக்கிறாள் என்றால் அது யார் போட்ட பெருக்கல்?

அதனால் பொண்ணைப் பற்றி யோசனையே வேண்டாம்.

ஆனால் பொண்ணு தனியாக வரப்போவதில்லையே. சம்பந்தியம்மா என்று ஒருத்தி உங்கள் வீட்டுக்கு வந்து போக இருப்பாள். பீரோ சாவி ஆணியில் தொங்கும். நான் யாரைப் பற்றியும் தப்பாகப் பேசுகிறவன் இல்லை. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்க. கேட்டதற்கு மறைக்கவும் மாட்டேன். அவள் தைக்கக் கொடுத்த துணியில் கை வைத்தவள். சொல்லிவிட்டேன். ஒரு மீட்டர் ரெண்டு மீட்டர் இல்லைங்க. நாலில் ஒரு பங்கு.

இருங்க, எழுந்திருக்காதீங்க. முழுசாகக் கேளுங்க. பாதி கேட்டுவிட்டுப் போனால் நான் வயிற்றெரிச்சலில் சொன்னதாக ஆகிவிடும்.

நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் காஸ்டிங் பார்த்தேன். பேர் வேண்டாம், இன்னும் நடக்கிற கம்பெனி. காஸ்டிங் என்றால் வேறொன்றும் இல்லை. வெளிநாட்டில் இருந்து பையர் ஒரு படமோ சாம்பிளோ அனுப்பி இது என்ன விலை என்று கேட்பான். எவ்வளவு துணி பிடிக்கும், தையல் கூலி என்ன, பெட்டி என்ன, எல்லாம் போட்டு ஒரு விலை சொல்ல வேண்டும். கூடச் சொன்னால் ஆர்டர் பக்கத்துத் தெருக் கம்பெனிக்குப் போய்விடும். குறைத்துச் சொன்னால் கையைக் கடிக்கும்.

பெட்ஷீட், ஜன்னல் திரை, மேஜை விரிப்பு, தலையணை உறை. கரூரில் எல்லோரும் போடுகிற சரக்குத்தான் நாங்களும். எதுவானாலும் கணக்கு ஒன்றே. தைத்து முடிந்த அளவை எடு. ஓரம் மடிக்கப் பக்கத்துக்கு ஒரு இஞ்ச் சேர். மேலே சேதாரம் அஞ்சு பர்சன்ட் ஏற்று. துணியின் அகலத்தால் வகு. முடிந்தது. முப்பது வருஷம் அந்தக் கணக்கு என்னைக் கைவிட்டதில்லை. பார்ட்னர்கள் ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் நம்ப மாட்டார்கள். டீக்கு எத்தனை பேர் என்பதில்கூடச் சண்டை வரும். ஆனால் இந்தச் சென்னியப்பன் போட்ட தாள் என்றால் ரெண்டு பேரும் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் இந்தச் சனியன் வந்தது. ஒட்டுத்துணிப் போர்வை.

நீங்கள் பார்த்திருக்க மாட்டீங்க. நாம் கிழிந்த இடத்தில் ஒட்டுப்போடுவோம். அவர்கள் நல்ல துணியைத் துண்டு துண்டாக வெட்டி, அதை மறுபடி ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்துப் போர்த்திக்கொள்கிறார்கள். குளிர் ஊர்க்காரர்கள், வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டும், பொழுது போக வேண்டாமா? உள்ளே வைக்கிற பஞ்சு, அடித்துணி எல்லாம் அவன் ஊரில் பார்த்துக்கொள்வானாம். நமக்கு மேல்துணி மட்டும். தொண்ணூறு இஞ்சுக்கு நூற்றெட்டு. முழுக்க மூணு இஞ்ச் கட்டம். ஏழெட்டு கலர் மாறி மாறி வரும். ரெண்டாயிரம் பீஸ்.

எங்கள் கம்பெனியில் அதற்கு முன்னால் அந்தச் சரக்குப் போட்டதில்லை. சின்ன பார்ட்னர் கேட்டார். "சென்னியப்பன், புதுசா இருக்கே. ஒன்னு தச்சுப் பார்த்துட்டு அப்புறம் விலை சொல்லலாமா?"

"ஏனுங்க, சோறாக்கிப் பார்த்துட்டா அரிசிக்கடைக்குப் போறோம்? பெட்ஷீட்டை வெட்டி ஒட்டினாலும் பெட்ஷீட்டுதானுங்க" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். பெரிய பார்ட்னரிடமும் போய்ச் சொல்லிச் சிரித்தார். அந்த வாரம் பூராவும் ஆபீஸில் அதுதான் பேச்சு.

தொண்ணூறோடு ரெண்டு, நூற்றெட்டோடு ரெண்டு. பெருக்கி, அஞ்சு பர்சன்ட் ஏற்றி, அறுபது இஞ்ச் அகலத்தால் வகுத்தேன். பீசுக்கு நாலரை மீட்டர். சொல்லிவைத்த மாதிரி நாலரை. துணிக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு என்று விலை போய்விட்டது. மறுநாளே பையர் சரி என்று எழுதிவிட்டான். அவ்வளவு சீக்கிரம் சரி சொல்கிற பையரை நான் பார்த்ததில்லை. அதற்குப் பெரிய பார்ட்னர் என் தோளில் தட்டிக் கொடுத்தார்.

தையலைப் பூங்கோதைக்கு வாங்கிக் கொடுத்ததே நான்தான். அதையும் கேட்டுக்குங்க. மாடியில் நாலு மெஷின் போட்டு, அக்கம்பக்கத்துப் பொம்பளைகளை வைத்துத் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். இது பெரிய வேலை. பிடித்தால் ஏழெட்டு மெஷினாக ஆக்கியிருப்பாள். "மச்சினிக்குக் கொடுத்திருக்கான்" என்று ஆபீஸில் நாலு பேர் முணுமுணுத்தார்கள். நான் கண்டுகொள்ளவில்லை.

துணி இறங்கின அன்றே போன் வந்தது.

"மாமா, ஒரு பீசுக்கு எவ்வளவு போட்டிருக்கீங்க?"

"நாலரை."

"பத்தாதுங்க மாமா. ஆறு பிடிக்கும்."

"யார் சொன்னது?"

"ஒன்னு வெட்டித் தச்சுப் பார்த்தேன்."

"அம்மிணி, தைக்கிறது உன் வேலை. கணக்கு என் வேலை. ரெண்டையும் நீயே பார்த்துட்டா கம்பெனியில நான் எதுக்கு, மணி அடிக்கவா?"

"கோவிச்சுக்காதீங்க மாமா. பூராத்தையும் வெட்டறதுக்கு முந்திச் சொல்லிடணும்ல. ஒரு எட்டு வந்து பாருங்க. அக்காளையும் கூட்டிட்டு வாங்க, பணியாரம் சுடறேன்."

நான் போகவில்லை. எதற்குப் போக வேண்டும்? முப்பது வருஷக் கணக்கைப் பணியாரம் தின்றா சரிபார்ப்பார்கள்?

இங்கே ஒன்றைக் கவனிக்கணும் நீங்க. எண்ணெய் மில் வைத்திருக்கிறவர், ஆட்களை மேய்க்கிறவர், உங்களுக்குப் புரியும். துணி முழுசாகக் கைக்கு வந்து சேர்வதற்கு முன்பே பத்தாது என்கிறாள். எடுக்கப்போகிறவள்தானே முன்கூட்டியே குறையும் என்று சொல்லி வைப்பாள்? அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. பிற்பாடுதான் யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தேன்.

ரெண்டாயிரத்துக்குக் கொடுத்த துணியில் ஆயிரத்து ஐந்நூறு வந்தது. மிச்சம் ஐந்நூறுக்குத் துணி இல்லை என்றாள். கப்பலுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. அதே கலரை மறுபடி சாயம் போட்டு, தைத்து, கடைசியில் விமானத்தில் ஏற்றினார்கள். அந்த ஆர்டரில் வந்திருக்க வேண்டிய லாபம் விமானக்காரனுக்குப் போனது.

என்னையும் பூங்கோதையையும் ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். சின்ன பார்ட்னருக்கு முகம் செத்திருந்தது. "கணக்குல தப்பா, துணியில தப்பா? எனக்கு அது மட்டும் தெரியணும்" என்றார்.

"கணக்கு என்னுதுங்க. துணி அவங்ககிட்ட இருந்துச்சு" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். கவனியுங்க, திருடி என்று நான் சொல்லவில்லை. அந்தச் சொல் பார்ட்னர் வாயில் இருந்து வந்தது. நான் இல்லை என்று சொல்லவில்லை, அவ்வளவே. ஒரு மனுஷன் எத்தனை பேருக்காகத்தான் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்க முடியும்?

பூங்கோதை அவரைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். டீ கொடுக்க வந்தவன், டிசைன் பிள்ளைகள், எல்லோரும் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்.

"மாமா, நீங்க சொல்லுங்க. துணி வந்த அன்னைக்கே பத்தாதுன்னு போன்ல சொன்னேனா இல்லையா?"

"சொன்னே" என்றேன். நான் பொய் சொல்கிறவன் இல்லைங்க. மச்சினி என்பதற்காக அவளுக்குச் சாதகமாகவும் சொல்ல மாட்டேன், பாதகமாகவும் சொல்ல மாட்டேன். பார்ட்னரிடம் திரும்பி, "சொன்னாங்க. துணி இறங்கின அன்னைக்கே பத்தாதுன்னு சொன்னாங்க" என்றேன்.

"அன்னைக்கேவா!" என்றார் அவர். என்னைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். அதோடு அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

கூலியை நிறுத்திவிட்டார்கள். அது கம்பெனி முடிவு, எனக்குச் சம்பந்தம் இல்லை. கரூர் எவ்வளவு பெரிய ஊர் என்று நினைக்கிறீங்க? ஒரு கம்பெனியில் துணி குறைந்தால் மறுநாள் டீக்கடையில் எல்லாக் கம்பெனிக்கும் தெரியும். யாரும் அவளுக்குத் துணி கொடுக்கவில்லை. ரெண்டு மெஷினை விற்றாள். அப்புறம் இன்னொன்றை. இப்போது யாரோ ஒருத்தர் யூனிட்டில் தினக்கூலிக்குத் தைக்கிறாள் என்று கேள்வி. எனக்கு யார் சொன்னது? ஊரில் பேசிக்கொள்கிறார்கள். சுலோச்சனா ஒன்றும் சொல்ல மாட்டாள். தங்கச்சியோடு பேசக் கூடாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். அவளும் மீறவில்லை. அந்த விஷயத்தில் இவள் என் பக்கம்தான்.

இவள் உண்டு, கோயில் உண்டு. செவ்வாய்க்கிழமை தவறாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போவாள். காலையில் போனால் மதியம் தாண்டித்தான் வருவாள். அவ்வளவு கூட்டமாம். வரும்போது பார்த்தால் முந்தானையில் நூல் பிசிறு ஒட்டியிருக்கும், கலர் கலராக. கோயிலில் என்ன நூல் என்று ஒரு நாள் கேட்டேன். வேண்டுதல் கயிறு என்றாள். பக்தி ஜாஸ்தி.

நர்மதா ஒரு தரம் வந்தாள், அந்தச் சமயத்தில். காலேஜ் ரெண்டாம் வருஷம். கையில் தினசரி காலண்டரில் கிழித்த தாள், கத்தரிக்கோல். இதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் உட்கார்ந்தாள். சோற்றுப் பருக்கை கேட்டு வாங்கினாள் பெரியம்மாவிடம். தாளில் மூணு இஞ்சுக்கு ரெண்டு கட்டம் வெட்டினாள். ரெண்டுக்கும் ஓரத்தில் கொஞ்சம் மடித்து, மடிப்போடு மடிப்பை வைத்துப் பருக்கையால் ஒட்டினாள்.

"பெரியப்பா, டேப்போட அந்த முனையைப் பிடிங்க. மூணும் மூணும் ஆறு வரணும்ல? எவ்வளவு வருதுன்னு பார்த்துச் சொல்லுங்க."

அஞ்சரையோ என்னவோ வந்தது. நான் சரியாகப் பார்க்கவில்லை.

"உங்கம்மா சொல்லிக் கொடுத்து அனுப்பிச்சாளா?" என்றேன்.

"பெரியப்பா, நம்பரை மட்டும் சொல்லுங்க."

"கண்ணு, படிக்கிற புள்ள நீ. காலண்டரைக் கிழிச்சு ஒட்டி எனக்குக் கணக்குச் சொல்லித் தரியா? போ, போயி படி."

அவள் டேப்பின் அந்த முனையைக் கட்டில் மேல் மெதுவாக வைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு மனசு இளகியிருக்கும். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அதற்கப்புறம் வரவில்லை. பெத்தவள் பேச்சைக் கேட்டு வளர்த்தவனை விட்டுவிட்டாள், பாருங்க. அந்தப் பிள்ளையிடம் குறை என்றால் அது ஒன்றுதான். அதை நீங்கள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

துணி போனது அவளிடம். பேர் போனது எனக்கு. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஆறு மாசம் கழித்து அதே பையர் மறுபடி அதே போர்வை கேட்டான். தாள் என் மேஜைக்கு வரவில்லை. காலேஜ் முடித்து வந்த ஒரு பொண்ணு, கம்ப்யூட்டரில் ஏதோ தட்டி, பீசுக்கு ஆறு மீட்டர் என்று போட்டாள். ஆறு! துணியைக் கொட்டிக் கொடுத்தால் யாருக்குத்தான் பத்தாது? அந்தத் தடவை ஒரு பீஸ்கூடக் குறையவில்லையாம், பெருமையாகச் சொன்னார்கள். ஆறு மீட்டர் கொடுத்தால் எங்கள் வீட்டு ஆடுகூடத் தைத்துக் கொடுக்கும்.

சின்ன பார்ட்னர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. "அண்ணே, உங்களுக்கும் வயசாச்சு. குடோனைப் பார்த்துக்குங்க" என்றார். ரெண்டு வருஷம் அங்கே துணி பேல் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் நானே வரவில்லை என்று சொல்லிவிட்டேன். வழியனுப்பு விழா என்று ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அதோ, பின்னால் திரும்பிப் பாருங்க. ஓடவில்லை.

இதெல்லாம் யாரால்? சொல்லுங்க.

என்ன கேட்டீங்க? மிச்சத் துணியா? ஆமாம், கொண்டுவந்து போட்டாள். ஆபீஸில் பேச்சு நடந்த அன்று சாயங்காலம் குப்புராஜ் சைக்கிளில் ஒரு மூட்டையை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார், அவள் பின்னால் பிடித்துக்கொண்டு வந்தாள். "வெட்டினது, தச்சது, பிசிறு எல்லாம் இதுக்குள்ள இருக்குங்க மாமா. ஒரு நூல்கூட நான் வச்சுக்கல. அளந்து பாருங்க" என்று வாசலில் வைத்துவிட்டுப் போனாள். நான் பிரிக்கவே இல்லை. திருடினவள் திருடினதையா மூட்டை கட்டிக் கொண்டுவந்து கொடுப்பாள்? பழந்துணிக்காரனுக்குப் போடு என்று சொன்னேன். இவள் பரண் மேல் போட்டுவிட்டாள்.

பார்க்கணுமா? அதைப் பார்த்து நீங்கள் என்ன செய்யப் போறீங்க? சரி, பாருங்க. எனக்கென்ன பயம்? சுலோச்சனா, பரண்ல...

அட. அதற்குள் எறக்கிட்டியா? காபியும் மூட்டையுமா வர்றியே. கூப்பிட்டால் வராதவள், இதுக்கு மட்டும் காது எப்படி! பரவாயில்லைங்க, நாலு வருஷம் பரண் மேல் கிடந்திருக்கிறது, ஒரு தூசி இல்லை பாருங்க. நல்ல சாக்கு.

இதுதான். பாதி தைத்து நின்றுபோன பீஸ். கலரெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா? நான் தேர்ந்தெடுத்த நூல் கலர். இது நூலில் கோத்து வைத்திருக்கிற கட்டங்கள், தைக்காதது. இதைக் கோத்து வைக்கிறதற்கே ஒரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அளக்கவா? என் டேப்புதான், தலைமாட்டில்தான் இருக்கும். ராத்திரி தூக்கம் வரவில்லை என்றால் கையில் வைத்துச் சுருட்டிக்கொண்டிருப்பேன். அந்த முனையைப் பிடிங்க. தைத்த பக்கம், ஒரு கட்டம். மூணு. சரியாக மூணு. தையலில் அவளைக் குறை சொல்ல முடியாது. பத்துக் கட்டம் சேர்த்து அளந்தால் முப்பது. நூல் பிசகவில்லை.

தைக்காத கட்டமா? அதுவும் மூணுதான் இருக்கும். நான் கொடுத்த அளவு மூணு. பிடிங்க.

மூணரை.

இருங்க, இன்னொன்று. மூணரை. பார்த்தீங்களா! பார்த்தீங்களா உங்கள் கண்ணால்? நான் மூணு என்று சொன்னேன், பூங்கோதை மூணரை வெட்டியிருக்கிறாள். நாலு வருஷம் கழித்து இன்றைக்குத்தான் பிடிபடுகிறது. துணி இப்படித்தான் போயிருக்கிறது. நல்லவேளை நீங்கள் கேட்டீங்க.

அந்த அரை இஞ்ச் எங்கே போச்சா? அது தையலுக்குள் போயிருக்கும். திருப்பிப் பாருங்க, பின்பக்கம் வரப்பு வரப்பாக மடிந்து கிடக்கிறதே, அங்கேதான். ஒரு துண்டை இன்னொன்றோடு தைத்தால் ஓரம் உள்ளே மடியத்தானே செய்யும்? அதுகூட எனக்குத் தெரியாதா? அதற்குத்தானே அஞ்சு பர்சன்ட் ஏற்றிக் கொடுத்தேன். அரை இஞ்ச் என்ன பெரிய அரை இஞ்ச்! நீளத்தில் அரை, அகலத்தில் அரை. ஒரு பீசுக்கு ஆயிரத்து எண்பது கட்டம். மூணுக்கு மூணு ஒன்பது. மூணரைக்கு மூணரை பன்னெண்டே கால். ஒன்பது இருக்க வேண்டிய இடத்தில் பன்னெண்டே கால். அப்போ பன்னெண்டே காலில் ஒன்பது போனால், மூணே கால். பன்னெண்டே காலுக்கு மூணே கால் என்றால் அது...

காபி ஆறிப்போச்சு பாருங்க. பேசிக்கொண்டே இருந்ததில் மறந்துவிட்டீங்க. சூடு பண்ணித் தரச் சொல்கிறேன். சுலோச்சனா!

ஏன் எழுந்துட்டீங்க? கணக்கா? அது கிடக்கட்டும். இப்போது எதற்கு அந்தக் கணக்கு, துணியும் போய்விட்டது, கம்பெனியும் போய்விட்டது. டேப்பைச் சுருட்டணும், அந்த முனையை விடுங்க.

என்ன சொன்னாளாம்? மறுபடி சொல்லுங்க.

"எங்க மாமா என்னைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரு. ஆனா பொய் சொல்ல மாட்டாரு. அவர் சொல்ற கணக்கை மட்டும் காது கொடுத்துக் கேட்டுட்டு வாங்க." அப்படியா சொல்லி அனுப்பினாள்? பூங்கோதையா?

பார்த்தீங்களா. அவள் வாயாலேயே வந்துவிட்டது. பொய் சொல்ல மாட்டேன் என்று அவளே ஒத்துக்கொள்கிறாள். அப்புறம் உங்களுக்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

வெள்ளிக்கிழமை பூ வைக்கிறீங்களா? இந்த வெள்ளிக்கிழமையா? நான் இவ்வளவு சொல்லியும்?

சரி. உங்கள் இஷ்டம். பின்னால் சென்னியப்பன் சொல்லவில்லை என்று சொல்லாதீங்க. ஆனால் பொண்ணு தங்கம், அதில் மாற்றம் இல்லை. பூ வைக்கும்போது பெரியப்பா ஸ்தானத்தில் ஒரு ஆள் முன்னால் நிற்க வேண்டுமே. நான் வருவதா வேண்டாமா என்று யோசிக்க வேண்டும். கூப்பிட்டால்தானே யோசிக்க முடியும். கூப்பிடச் சொன்னார்களா? நர்மதா ஏதாவது?

இல்லையா.

சரி, பரவாயில்லை. வெயில் தாழ்ந்துவிட்டது, கிளம்புங்க. இந்தச் சந்தில் திரும்பினால் பஸ் ஸ்டாண்டுக்குக் குறுக்கு வழி, இவள் காட்டுவாள். சுலோச்சனா! ஏய் சுலோச்சனா, இவங்களுக்குக் கொஞ்சம்...

அடுப்படியிலும் இல்லை. நீங்கள் பார்த்தீங்களா? கொல்லைப்பக்கமாகப் போனாளா? மூட்டை இங்கேதானே இருந்தது, இப்போதுதானே பிரித்தோம்? பாதி தைத்த பீஸ் எங்கே? வாசலில் அவள் செருப்பையும் காணோம்.

எங்கே போயிருப்பாள்? இன்றைக்குச் செவ்வாய்க்கிழமைகூட இல்லையே.